ஓடை அரித்துத் தரும் பொன்

ஸ்விட்சர்லாந்தின் நடுப்பகுதியில், லூசெர்ன், பெர்ன் என்ற இரு கான்டன்களின் (மாநிலங்களின்) எல்லையில் நாப்ஃப் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 1,408 மீட்டர்தான். தெற்கே வெண்பனி பூண்டு நிற்கும் ஆல்ப்ஸ் சிகரங்களைப் பார்த்த கண்ணுக்கு அது பசும்புல் மூடிய ஒரு மேடாகவே தெரியும். ஆனால் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து நிற்கிறார்கள். காலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். கையில் மண்வாரி, சல்லடை, பிளாஸ்டிக் தட்டு. குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் குனிந்து நின்று சரளையை அள்ளி அரிக்கிறார்கள். அவர்கள் தேடுவது தங்கம். பொறுமையாகத் தேடுகிறவர்களுக்கு அது கிடைக்கவும் செய்கிறது.

கிடைப்பது எவ்வளவு? பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத மெல்லிய செதில்கள். ஒரு கிராம் சேர வேண்டுமானால் இவற்றில் ஆயிரக்கணக்கானவை வேண்டும். விலை போட்டுப் பார்த்தால் ஊருக்குத் திரும்பும் ரயில் கட்டணம்கூடத் தேறாது. இருந்தும் அந்தச் செதிலை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நீரோடு இட்டு, வீட்டுக்கு எடுத்துச் சென்று பத்திரப்படுத்துகிறார்கள். அவர்கள் செய்வது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குப்பிக்குள் இருப்பது, படைத்தவன் இந்த உலகை எப்படி ஒழுங்கு செய்திருக்கிறான் என்பதற்கான நேரடிச் சான்று. அதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால், ஓடையை விட்டு வெகுதூரம் பின்னால் போக வேண்டும்.

விண்ணில் பிறந்தது

பூமியில் தங்கம் உண்டாவதில்லை. நம் சூரியனுக்கும் அதை உண்டாக்கும் வலு இல்லை. ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் சூரியனின் உலைக்கு, 79 புரோட்டான்கள் கொண்ட ஓர் அணுக்கருவைக் கட்டும் திறன் கிடையாது. அதற்கு நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாயும் பேரழிவு ஒன்று நிகழ வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு நிகழ்வை மனிதர்கள் 2017 ஆகஸ்ட் 17 அன்று கண்டார்கள். ஈர்ப்பலைகளை உணரும் அமெரிக்காவின் லைகோ கருவிகளும் இத்தாலியின் விர்கோ கருவியும் வான்வெளியின் ஓர் அதிர்வைப் பதிவு செய்தன. சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், என்ஜிசி 4993 என்ற விண்மீன் திரளில், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதியிருந்தன. அடுத்த சில நாட்களில் அந்த இடத்திலிருந்து வந்த ஒளியை ஆராய்ந்தவர்கள், கனமான தனிமங்கள் அங்கே பெருமளவில் பிறந்திருப்பதற்கான தடயங்களைக் கண்டார்கள். தங்கத்தின் பிறப்பிடங்களில் இதுவும் ஒன்று என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

சூரியனும் பூமியும் தோன்றுவதற்கு முன்பே, இத்தகைய கொந்தளிப்புகளில் பிறந்த பொன்னணுக்கள் வாயுவோடும் தூசியோடும் கலந்து திரிந்தன. அந்தத் தூசி திரண்டுதான் பூமி உருவானது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருகிக் கிடந்த காலத்தில், கனமான இரும்பு மையத்தை நோக்கி மூழ்கியது. இரும்போடு சேரும் குணமுள்ள பொன்னும் அதனுடன் போய்விட்டது. பூமியிடம் இருக்கும் தங்கத்தின் மிகப் பெரும் பகுதி இன்றும் நம் காலடிக்குக் கீழே பல ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்தில், எந்தக் கருவியும் எட்டாத இடத்தில் இருக்கிறது. மேலோடு இறுகத் தொடங்கிய பிறகு பூமியில் வந்து விழுந்த விண்கற்கள்தான் நமக்கு எட்டும் பொன்னைக் கொண்டுவந்தன என்று அறிவியலாளர் பலர் கருதுகிறார்கள்.

அந்தப் பொன்னும் எங்கும் சிதறித்தான் கிடக்கிறது. மேலோட்டுப் பாறையை ஆயிரம் டன் எடுத்துப் பொடித்தால் அதற்குள் இருக்கும் தங்கம் சராசரியாகச் சில கிராம்தான். மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து இதுவரை வெட்டியெடுத்த தங்கம் அனைத்தையும் ஒன்றாக உருக்கினால், பக்கத்துக்கு ஏறக்குறைய 22 மீட்டர் உள்ள ஒரு கனசதுரத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு அரிதாக, இவ்வளவு மெலிதாகப் பரவியிருக்கும் ஒன்று, ஒரு சிறுமி ஓடையில் அள்ளிய ஒரு தட்டு மணலில் எப்படி வந்து சேர்ந்தது?

மலைக்குள் ஏறி, மலையோடு இறங்கி

முதல் வேலையைச் செய்தது வெந்நீர். ஆப்பிரிக்கப் பக்கத்து நிலத்தட்டு ஐரோப்பாவின்மேல் அழுந்தி ஆல்ப்ஸ் மலைகளை உயர்த்திய காலத்தில், பாறைகள் ஆழத்தில் நொறுங்கி வெடித்தன. கடும் அழுத்தத்தில் இருந்த சுடுநீர் அந்த வெடிப்புகளில் ஏறியது. கந்தகத்தின் துணையோடு பாறையில் சிதறிக் கிடந்த பொன்னணுக்களைக் கரைத்து எடுத்துக்கொண்டது. மேலேறி ஆறும்போது, வெங்கச்சங்கல்லை வெள்ளைக் கோடுகளாகப் படிய விட்டு, அதனூடே பொன்னையும் உதிர்த்தது. ஆயிரம் டன் பாறையில் பரவியிருந்தது விரலகலக் கோடு ஒன்றில் வந்து கூடியது இப்படித்தான்.

இரண்டாவது வேலை மழைக்கும் ஆறுகளுக்கும். உயர்ந்த மலை உயர்ந்தபடி நிற்பதில்லை. வெயிலும் பனியும் அதைப் பிளக்க, ஆறுகள் அதைச் சுமந்துகொண்டு இறங்குகின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸிலிருந்து வந்த பெரிய ஆறு ஒன்று, சமவெளியைத் தொட்ட இடத்தில் கூழாங்கற்களை மலைமலையாகக் குவித்தது. அந்தக் குவியல் காலப்போக்கில் இறுகிப் பாறையானது. உடைந்த கற்கள் சாந்தில் பதிந்ததுபோல் தெரியும் அந்தப் பாறைக்கு அந்த ஊரார் வைத்த பெயர் நாகெல்ஃப்ளூ. நாப்ஃப் மலையே அந்தப் பழைய ஆற்றுப் படுகைதான். பிறகு அந்தப் படுகையும் மேலே உயர்த்தப்பட்டது. இன்றைய சிற்றோடைகள் அதை மறுபடி அறுத்து, உள்ளே சிறைப்பட்டிருந்த செதில்களை விடுவிக்கின்றன.

ஆகவே நாப்ஃபின் ஓடையில் கிடைக்கும் பொன் ஒருமுறை ஆற்றில் பயணம் செய்து, பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் உறங்கி, இரண்டாம் முறை ஆற்றுக்கு வந்த பொன். அதன் உருவத்திலேயே இந்தக் கதை எழுதியிருக்கிறது. கற்களுக்கு நடுவே உருண்டு அடிபட்டு, தட்டையாகி, ஓரங்கள் வழவழத்துப் போயிருக்கும். வேறு பல கற்கள் இத்தனை அடிக்குப் பொடியாகியிருக்கும். பொன்னோ உடையாமல் விரிந்து கொடுக்கும். ஒரு கிராம் பொன்னைத் தகடாக அடித்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பை மூடும். அந்தப் பணிவுதான் அதைக் காப்பாற்றியது. இயற்கைப் பொன்னில் சிறிது வெள்ளியும் கலந்திருக்கும். நெடுநாள் ஆற்றில் கிடக்கும்போது செதிலின் ஓரத்திலிருந்து அந்த வெள்ளி மெல்லக் கரைந்துவிடுகிறது. பயணம் நீள நீள அதன் புறத்தோல் தூய்மை அடைகிறது. துருப்பிடிக்காத ஒன்றுக்குக் காலம் கெடுதல் செய்வதில்லை, மெருகேற்றுகிறது.

எடை என்ற விதி

மூன்றாவது வேலைதான் நம் கண்முன்னே நடப்பது. வெங்கச்சங்கல் மணல் நீரைவிட ஏறக்குறைய 2.65 மடங்கு அடர்த்தி. பொன் 19.3 மடங்கு. நீருக்குள் ஒவ்வொரு பொருளும் தன் பருமன் அளவு நீரின் எடையை இழக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தால் மணலுக்கு எஞ்சுவது 1.65, பொன்னுக்கு எஞ்சுவது 18.3. அதாவது ஓடும் நீருக்குள் ஒரே அளவுள்ள மணலையும் பொன்னையும் விட்டால், பொன் பதினோரு மடங்கு கனமாகத் தன்னை உணர்த்துகிறது. நீர் வேகமாகப் பாயும்வரை இரண்டையும் அள்ளிச் செல்லும். வேகம் சற்றே தளரும் இடத்தில் முதலில் இறங்குவது பொன்.

அதனால்தான் அனுபவசாலிகள் ஓடையில் எங்கு வேண்டுமானாலும் தோண்டுவதில்லை. வளைவின் உட்கரை, பெரும்பாறையின் பின்புறம், செங்குத்தான பாய்ச்சல் முடிந்து நீர் அகலும் இடம், அடிப்பாறையின் குறுக்கு வெடிப்புகள், கரையோரப் பாசிப் படலம் எனத் தேடுகிறார்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் அவர்களுக்குத் திருநாள். நீர் தளரும் இடம் எதுவென்று தெரிந்தால் பொன் எங்கே என்பது தெரிந்துவிடும். பொன்னைத் தேடப் போகிறவர் முதலில் ஆற்றைக் கற்க வேண்டியிருக்கிறது. விடுமுறையின் பெரும்பேறு இதுவே.

சரளையை முதலில் சல்லடையில் கழுவிப் பெரிய கற்களை நீக்குகிறார்கள். மிஞ்சிய மணலைத் தட்டோடு நீரில் அமிழ்த்திக் குலுக்க, கனமானது அடியில் அமர்கிறது. பிறகு தட்டைச் சாய்த்து மேல்மணலை நீரோடு வழிய விடுகிறார்கள். அரிசியில் கல் அரித்துப் பழகிய நம் வீட்டு அம்மாக்களுக்கு இந்தக் கையசைவைச் சொல்லித்தரவே வேண்டாம். அங்கே நீரோடு நழுவுவது அரிசி, அடியில் நிற்பது கல். இங்கே நழுவுவது மணல், நிற்பது பொன். மணல் குறையக் குறையத் தட்டின் நிறம் மாறும். சாம்பல் மணல் போய்க் கருமணல் தெரியும். காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டும் செந்நிறக் கார்னெட் பொடியும் அதில் இருக்கும். பொன்னுக்கு அடுத்த கனம் உள்ளவை அவை. ஆகவே பொன் இருக்குமானால் அவற்றின் நடுவில்தான் இருக்கும். கடைசியாக ஒரு வாய் நீர் விட்டு மெல்லச் சாய்த்தால், கருமணல் வால்போல் விரிந்து விலக, பின்னால் அசையாமல் ஒரு மஞ்சள் செதில் நிற்கும்.

முதன்முதலாக வருகிறவர்களை ஏமாற்ற காக்காய்ப்பொன் இருக்கிறது. அது வெயிலில் பளபளக்கும்; தட்டை நிழலுக்குத் திருப்பினால் மங்கிவிடும்; நீரில் மேலேறி ஓடிவிடும். உண்மைப் பொன் நிழலிலும் அதே மஞ்சளாய் நிற்கும். ஊசிமுனையால் அழுத்தினால் போலிக் கனிமங்கள் பொடியும், பொன் வளையும். எது ஓடிப்போகிறது, எது நிலைக்கிறது என்று நீரே பிரித்துக் காட்டிவிடுகிறது.

பனி விட்டுவைத்த நிலங்கள்

பொன்னரிக்கும் விடுமுறைக்கு ஐரோப்பாவில் பெயர்பெற்ற இன்னொரு நாடு ஃபின்லாந்து. வடமுனை வட்டத்துக்கும் வடக்கே, லாப்லாந்தின் இவாலோ ஆற்றில் 1868ஆம் ஆண்டு அரசு அனுப்பிய குழு பொன்னைக் கண்டது. 1870இல் ஆட்கள் திரண்டார்கள். அவர்களைக் கண்காணிக்க ஆற்றங்கரையில் குல்தாலா என்ற மரக்கட்டை நிலையம் கட்டப்பட்டது. அது இன்றும் நிற்கிறது. தன்காவாரா என்ற ஊரில் பொன்னரிப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஃபின்லாந்தினர் வாஸ்கோலி என்று அழைக்கும் தட்டை வாங்கிக்கொண்டு, கோடையில் சூரியன் மறையாத இரவுகளிலும் பயணிகள் அங்கே மணல் அரிக்கிறார்கள். பல நாடுகள் கலந்துகொள்ளும் உலகப் பொன்னரிப்புப் போட்டிகளும் 1970களில் அந்த ஊரில்தான் தொடங்கின. வாளி மணலில் எண்ணிக் கலந்த சில செதில்களை யார் விரைவாக, ஒன்றும் தவறவிடாமல் எடுக்கிறார் என்பதே போட்டி. ஒரு செதில் தவறினாலும் நேரத் தண்டனை உண்டு.

லாப்லாந்தில் பொன் தங்கியதற்குக் காரணம் வியப்பூட்டுவது. பனியுகத்தில் ஸ்காண்டிநேவியா முழுவதும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம் மூடிக்கிடந்தது. அது நகர்ந்த இடமெல்லாம் மண்ணையும் உதிர்பாறையையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் பனி இருபுறமும் பிரிந்து வழியும் மேட்டுப்பகுதியில் அதன் அசைவு மிகக் குறைவு. நடு லாப்லாந்து அந்த இடத்தில் அமைந்தது. அதனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மக்கிக்கொண்டிருந்த பழைய பாறைத்தோல் அங்கே வழித்தெடுக்கப்படாமல் தப்பியது. அதற்குள் இருந்த பொன்னும் தப்பியது. பின்னர் பனி உருகியோடிய நீர் அதை அரித்து ஓடைகளில் சேர்த்தது.

நாப்ஃபுக்கும் இதே அருள் கிடைத்திருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் ஆல்ப்ஸின் மாபெரும் பனியாறுகள் ஸ்விட்சர்லாந்தின் சமவெளியை நிரப்பியபோது, நாப்ஃப் அவற்றுக்கு நடுவே பனி ஏறாமல் நின்றது. அதன் ஓடைகள் தம் வேலையை நிறுத்தவில்லை. இரண்டு நாடுகள், இரண்டு வேறு நிலங்கள். இரண்டிலும் பனி வழித்துச் செல்லாத இடத்தில் பொன் காத்திருந்தது. இதை வெறும் தற்செயல் என்று கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை.

பொன்மேல் குடியிருக்கும் உயிர்

பொன் உயிரற்றது, உயிருக்கு வேண்டாதது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தோம். 1976இல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் ஒரு பாக்டீரியா கண்டறியப்பட்டது. இன்று அதன் பெயர் கியூப்ரியவிடஸ் மெட்டலிடியூரன்ஸ். மற்ற உயிர்களைக் கொல்லும் உலோக நஞ்சுகளுக்கு நடுவே அது வாழ்ந்தது. பிறகு 2006இல், ஆஸ்திரேலியாவில் எடுத்த பொன் மணிகளின்மேல் இதே இனம் மெல்லிய படலமாகக் குடியிருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நீரில் கரைந்த பொன் சேர்மங்கள் அந்த உயிருக்கு நஞ்சு. அது அந்த நஞ்சை முறித்து, தீங்கற்ற பொன் உலோகமாக மாற்றிப் படியவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் அணு அணுவாகப் பொன்னைச் சேர்க்கிறது. விண்மீன்கள் மோதிப் பிறந்த உலோகத்துக்கும் மண்ணின் மிகச் சிறிய உயிருக்கும் இடையே இப்படியொரு தொழிலுறவை எந்தக் கற்பனை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

வளைந்து கொடுக்காத ஆசை

இதே பொன்னை மனிதன் வேறு வகையிலும் தேடியிருக்கிறான். ஸ்பெயினின் வடமேற்கில் லாஸ் மெதுலாஸ் என்ற இடத்தில் ரோமானியர்கள் நூறு கிலோமீட்டருக்கும் நீண்ட கால்வாய்களில் நீரைக் கொண்டுவந்து, மலைக்குள் குடைந்த சுரங்கங்களில் ஒரே மூச்சில் பாய்ச்சி, மலையையே சரித்தார்கள். மலைகளின் அழிவு என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த முறை அது. 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் அந்தச் செம்மண் கூம்புகள் அழகாகத்தான் தெரிகின்றன. ஆனால் அவை ஒரு மலையின் எலும்புகள். இத்தாலியின் பியெல்லாவுக்கு அருகே பெஸ்ஸாவில், அவர்கள் கழித்துக் கொட்டிய கூழாங்கற்கள் இன்றும் மேடுமேடாகக் கிடக்கின்றன. அங்கே ஐயாயிரம் பேருக்குமேல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ரோமில் சட்டம் இருந்ததையும் பிளினியே குறித்திருக்கிறார்.

ரைன் ஆற்றின் கதை வேறு. நாப்ஃபின் ஓடைகள் எம்மெ, ராய்ஸ், ஆரே ஆறுகளின் வழியே ரைனில்தான் கலக்கின்றன. அங்கே போய்ச் சேரும் செதில்கள் இன்னும் நுண்ணியவை. கரையோர ஏழைகள் தலைமுறை தலைமுறையாக அதை அரித்தார்கள். அந்தப் பொன்னில் அடித்த காசுகளில் ரைனின் பெயர் பொறிக்கப்பட்டது. 1817இல் யோஹான் கோட்ஃப்ரீட் துல்லாவின் திட்டப்படி ரைனின் வளைவுகளை வெட்டி நேராக்கத் தொடங்கினார்கள். வெள்ளமும் சதுப்புநிலக் காய்ச்சலும் குறைந்தன. கூடவே, வளைவுகளில் சரளைத் திட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பொன்னைச் சேர்க்கும் ஆற்றின் பழக்கமும் போனது. அந்நூற்றாண்டோடு பொன்னரிப்போர் தொழிலும் மெல்ல அணைந்தது. ஆற்றுக்கு வளையும் உரிமை இருந்தவரைதான் அது பொன் தந்தது.

ஸ்காட்லாந்தின் கில்டோனனில் 1869இல் பொன்வேட்டை மூண்டது. ஆஸ்திரேலியப் பொன்வயல்களிலிருந்து ஊர் திரும்பிய ராபர்ட் கில்கிறிஸ்ட் என்பவர் முந்தைய ஆண்டில் பொன்னைக் கண்டிருந்தார். செய்தி பரவ, ஆற்றோரம் ஒரு குடிசை ஊரே எழுந்தது. அந்த ஆண்டோடு நிலக்கிழாரான சதர்லாந்து பிரபு உரிமங்களை நிறுத்திவிட்டார். இன்று அந்த ஓடையில் அனுமதியோடு, கைக்கருவி மட்டும் கொண்டு, விடுமுறைப் பயணிகள் பொன் அரிக்கிறார்கள். அவசரக்காரர்கள் போய்விட்டார்கள், ஓடை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அரிப்பவரின் கடமை

கொடுக்கும் இடத்தில் மரியாதை வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு ஒவ்வோர் இடத்திலும் விதிகள் உண்டு. சில ஊர்களில் ஊராட்சியின் அனுமதி, சில இடங்களில் நில உரிமையாளரின் அனுமதி. நல்ல பொன்னரிப்போர் இந்த விதிகளைத் தாண்டியும் சிலவற்றைக் கைக்கொள்கிறார்கள். கரையைத் தோண்டிச் சரியவிடுவதில்லை. தோண்டிய குழியை மூடாமல் போவதில்லை. டிரவுட் மீனும் சால்மனும் சரளைக்குள் முட்டையிடும் பருவத்தில் அந்தச் சரளையைத் தொடுவதில்லை. சுரங்கத் தொழிலில் பொன்னைப் பிரிக்கப் பாதரசம் கொட்டி நஞ்சாக்கிய ஆறுகள் உலகில் பல. விடுமுறைக்காரரின் தட்டில் நீரும் கையும் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. பொன் இருக்கும் அதே சரளைதான் மீனுக்குத் தொட்டில் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

படைத்தவன் பொன்னை வாரி எடுக்கும்படி வைக்கவில்லை. தேடினால் கிடைக்காதபடியும் வைக்கவில்லை. பணக்காரனாக்கும் அளவுக்கு இல்லாமல், குழந்தையின் கைக்கும் எட்டும்படி அதை நீரில் கலந்திருக்கிறான். இதைச் செய்ய அவனுக்குப் பல விதிகள் தேவைப்படவில்லை. பூமி உருகிக் கிடந்த நாளில் பொன்னை எவரும் தொட முடியாத ஆழத்துக்கு இறக்கியது, அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட இரும்பின் எடை. மலையோடையின் வளைவில், பாறையின் பின்னால், ஒரு தட்டின் அடியில் பின்னர் வந்த பொன்னை நிறுத்தி நமக்குக் காட்டுவதும் எடை என்ற அதே விதிதான். மறைத்த விதியே வழங்கவும் செய்கிறது. ஒரே ஒழுங்கு உலகின் மையத்திலும் ஒரு சிறுமியின் தட்டிலும் பிசகாமல் நடக்கிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்தவருக்கு, குப்பியில் உள்ள செதிலின் விலை ஒரு பொருட்டாக இருக்காது. அந்த ஒழுங்கை வைத்தவனுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றும்.